சிலந்திச் செடியிடம் எதைக் கேட்கலாம்?

நர்சரியில் ஸ்பைடர் பிளான்ட் என்ன விலை என்று கேட்டால், விலைக்கு முன்னால் அதன் பெருமைதான் வரும். "வீட்டுக் காத்தைச் சுத்தம் பண்ணும் சார். ராத்திரியிலயும் ஆக்சிஜன் விடும். பெட்ரூம்லயே வைக்கலாம். நாசாவே சொல்லியிருக்கு." கேட்பவரும் தலையாட்டிக்கொண்டே இரண்டு தொட்டி வாங்கி வருகிறார். சொன்னவரும் பொய் சொல்ல நினைக்கவில்லை, கேட்டவரும் ஏமாளி இல்லை. ஆனாலும் அந்த நான்கு வாக்கியங்களில் எவ்வளவு தேறும் என்று பார்த்துவிடுவது நல்லது. ஏனென்றால் இந்தச் செடியிடம் உண்மையான நன்மைகள் நிறைய இருக்கின்றன. இல்லாத ஒன்றைச் சொல்லி விற்பதில் இருப்பவை மறைந்துபோகின்றன. டீயை எடுத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

முதலில் ஆளை அடையாளம் கண்டுகொள்வோம். புல்லைப்போல் நீண்டு, வளைந்து தொங்கும் இலைகள். பச்சை இலையின் நடுவில் வெள்ளைக் கோடு ஓடினால் ஒரு வகை. நடு பச்சையாக இருந்து ஓரங்கள் வெளுத்திருந்தால் இன்னொரு வகை. இலை சுருண்டு சுருண்டு வருவதும் உண்டு. செடி தேறியதும் நடுவிலிருந்து மெல்லிய தண்டுகளை நீட்டும். அதில் ஆறு இதழ் கொண்ட சின்ன வெள்ளைப் பூக்கள் பூக்கும். பிறகு அதே தண்டின் நுனியில் குட்டிச் செடிகள் முளைத்துத் தொங்கும். சிலந்தி என்ற பெயர் வந்தது இந்தக் குட்டிகளால்தான்.

சொந்த ஊர் ஆப்பிரிக்கா: வெப்பமண்டலப் பகுதிகளும் தெற்கும். தாவரவியல் ஏட்டில் இதைப் பதிந்தவர் ஸ்வீடன் நாட்டுக் கார்ல் பீட்டர் துன்பெர்க், 1794-இல். லின்னேயஸின் மாணவர், தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதியில் மூன்றாண்டு செடி சேகரித்தவர். பின்னர் ஜப்பானுக்குப் போய்த் திரும்பும் வழியில் 1777-இல் இலங்கையிலும் இறங்கி அங்குள்ள தாவரங்களைச் சேகரித்தார். இன்றைய வகைப்பாட்டில் செடியின் பெயர் குளோரோஃபைட்டம் கொமோசம். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சஃபேத் முஸ்லி இதே பேரினத்தைச் சேர்ந்தது. தண்ணீர்விட்டான் கிழங்கு இதே குடும்பம். அந்த இரண்டும் கிழங்கு போன்ற வேருக்குப் பெயர் போனவை. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

இப்போது நாசா கதைக்கு வருவோம். கதை உண்மைதான், ஆனால் பாதிதான் நம்மிடம் வந்து சேர்ந்தது. 1973-இல் அமெரிக்கா ஏவிய ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தின் உள்காற்றைச் சோதித்தபோது, நூற்றுக்கும் மேற்பட்ட கரிம வாயுக்கள் அதில் கலந்திருப்பது தெரிந்தது. எல்லாம் உள்ளே இருந்த பிளாஸ்டிக், பசை, பெயின்ட் போன்ற செயற்கைப் பொருள்களிலிருந்து கசிந்தவை. விண்கலத்தில் ஜன்னலைத் திறக்க முடியாதல்லவா? அப்படியானால் அந்தக் காற்றை எப்படிச் சுத்தம் செய்வது என்ற கேள்வி எழுந்தது.

அதற்குப் பதில் தேடியவர்களில் ஒருவர் பி. சி. வால்வெர்டன். மிசிசிப்பி மாநிலத்தில் இருந்த நாசா மையத்தில் வேலை பார்த்தவர். நம் ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையைக் கொண்டு கழிவுநீரைச் சுத்திகரிக்கலாம் என்று 1970-களிலேயே செய்து காட்டியவர் அவர். தண்ணீரைச் செடி சுத்தம் செய்யுமென்றால் காற்றை ஏன் செய்யாது என்று அடுத்த அடி எடுத்துவைத்தார். 1984-இல் வெளியான ஆய்வில் அவரும் உடனிருந்தவர்களும் சோதித்த செடிகளில் ஸ்பைடர் பிளான்ட்டும் மணி பிளான்ட்டும் இருந்தன. காற்றுப் புகாமல் அடைத்த, ஒளி ஊடுருவும் பெட்டிக்குள் செடியை வைத்து, ஃபார்மால்டிஹைடு வாயுவைச் செலுத்தினார்கள். ஒரு நாள் கழித்துப் பார்த்தபோது வாயு வெகுவாகக் குறைந்திருந்தது. 1989-இல் அமெரிக்க நிலத்தோட்ட ஒப்பந்தக்காரர் சங்கத்தோடு சேர்ந்து நாசா இன்னொரு அறிக்கையும் வெளியிட்டது. உலகம் முழுக்க நர்சரிகளில் ஒலிக்கும் வாசகம் பிறந்தது அங்கேதான்.

சோதனையில் தவறில்லை. பெட்டியையும் வீட்டையும் ஒன்றாக்கியதில்தான் தவறு. பெட்டிக்குள் காற்று போகவும் முடியாது, வரவும் முடியாது. ஒருமுறை செலுத்திய வாயுவை இழுத்துக்கொள்ளச் செடிக்கும், அதன் வேரடி மண்ணில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் ஒரு முழு நாள் அவகாசம் இருந்தது. வீட்டில் அப்படியா? கதவிடுக்கு, ஜன்னல், வென்டிலேட்டர் என்று எல்லா வழியிலும் காற்று மாறிக்கொண்டே இருக்கிறது. செடி ஒரு சிட்டிகை வாயுவை இழுப்பதற்குள் பழைய காற்று வெளியே போய்ப் புதிய காற்று வந்துவிடுகிறது. அதே சமயம் பீரோவிலிருந்தும் பெயின்ட்டிலிருந்தும் புதிய வாயு கசிவதும் நிற்பதில்லை.

இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தவர்கள் அமெரிக்காவின் டிரெக்சல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கமிங்ஸ், வாரிங் ஆகிய இருவர். அதுவரை வந்திருந்த 12 ஆய்வுகளின் 196 சோதனை முடிவுகளை எடுத்து, ஒரு செடி ஒரு மணி நேரத்தில் எவ்வளவு காற்றைச் சுத்தம் செய்கிறது என்ற ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தார்கள். 2019-இல் முடிவு வெளியானது. சாதாரணக் கட்டடத்தில் தானாக நடக்கும் காற்றோட்டத்துக்கு இணையாகச் செடிகள் வேலை செய்ய வேண்டுமானால், ஒரு சதுர மீட்டர் தரைக்கு 10 முதல் 1,000 செடிகள் வேண்டும்.

நம் வீட்டு அளவில் பார்ப்போம். பத்துக்குப் பத்து அறை என்றால் சுமார் 9.3 சதுர மீட்டர். குறைந்தபட்சக் கணக்கை எடுத்தாலே 93 தொட்டிகள் ஆகின்றன. கட்டிலை வெளியே போட்டுவிட்டுத்தான் அவ்வளவையும் அடுக்க வேண்டும்! ஜன்னலைத் திறந்துவிட்டால் அந்த வேலை இலவசமாக நடந்துவிடும்.

நம் வீடுகளில் கெட்ட காற்று வருமிடம் எது என்று பார்த்தால் இது இன்னும் தெளிவாகும். ஃபார்மால்டிஹைடு பெரும்பாலும் பிளைவுட், எம்.டி.எஃப். பலகைகளை ஒட்டும் பசையிலிருந்து வருகிறது. புது வார்ட்ரோபைத் திறந்ததும் கண் எரிகிறதே, அதில் இதற்கும் பங்குண்டு. இன்னொன்று கொசுவர்த்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் புகைக்குச் சமம் என்றும், ஃபார்மால்டிஹைடு 51 சிகரெட் வரைக்கும் சமமாகலாம் என்றும் 2003-இல் வெளியான ஓர் ஆய்வு கண்டது. கதவை அடைத்துக்கொண்டு, கட்டிலடியில் சுருளைக் கொளுத்திவிட்டு, ஜன்னலோரம் ஒரு ஸ்பைடர் செடியை வைத்து என்ன பயன்? சுருளை நிறுத்திக் கொசுவலை கட்டுவதும், தாளிக்கும்போது எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவதும், புது மரச்சாமான் வந்த சில வாரங்களுக்கு அறையைக் காற்றாடத் திறந்து வைப்பதும்தான் காற்றுக்கான மருந்து.

இரவில் ஆக்சிஜன் விடும் என்பது அடுத்த வாசகம். இலை ஆக்சிஜனை வெளியிட வெளிச்சம் வேண்டும். ஒளிச்சேர்க்கையில் தண்ணீர் பிளவுபடும்போதுதான் ஆக்சிஜன் பிரிகிறது. வெளிச்சம் இல்லையென்றால் அந்தப் பிளவும் இல்லை. இருட்டில் ஸ்பைடர் செடியும் நம்மைப்போலவே ஆக்சிஜனை எடுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. கற்றாழை, பாம்புச் செடி போன்ற சில வகைகள் இரவில் இலைத்துளைகளைத் திறந்து கரியமில வாயுவைச் சேமித்துக்கொள்ளும், அது உண்மை. ஆனால் அவற்றுக்கும் ஆக்சிஜன் பிரிவது பொழுது விடிந்த பிறகுதான். அதற்காக, "படுக்கையறையில் செடி வைத்தால் மூச்சு முட்டும்" என்று பெரியவர்கள் பயப்படுத்துவதற்கும் காரணமில்லை. ஒரு தொட்டிச் செடி இரவில் விடும் கரியமில வாயு, பக்கத்தில் படுத்திருக்கும் மனிதர் விடுவதோடு ஒப்பிட்டால் ஒரு பொருட்டே அல்ல. நன்மையும் இல்லை, தீமையும் இல்லை.

"அப்படியானால் இதை வாங்கவே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். வாங்கலாம், தாராளமாக வாங்கலாம். காற்றுச் சுத்திகரிப்பான் என்ற வேலையை நாம்தான் அதன் தலையில் கட்டினோம். அதற்குப் பிறவியிலேயே கைவந்த வேலைகள் வேறு.

முதலாவது, மறதிக்காரர்களைப் பொறுத்துக்கொள்வது. சஃபேத் முஸ்லியும் தண்ணீர்விட்டானும் இதன் உறவுகள் என்றேன் அல்லவா? வளர்ந்த ஸ்பைடர் செடியைத் தொட்டியிலிருந்து ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள். உள்ளே பிஞ்சு முள்ளங்கியைப்போல் வெள்ளை வெளேரென்று தடித்த வேர்கள் பின்னிக்கொண்டு நிற்கும். அதுதான் செடியின் தண்ணீர்க் கிடங்கு. வறட்சியும் மழையும் மாறி மாறி வரும் நிலத்தில் பிழைக்க அது செய்துகொண்ட ஏற்பாடு, நம் வீட்டில் நமக்குச் சாதகமாக அமைகிறது. கோடை விடுமுறையில் ஒரு வாரம் ஊருக்குப் போய்வந்தாலும் இலை தொய்ந்திருக்குமே தவிர செடி சாகாது. தண்ணீர் விட்டால் எழுந்துகொள்ளும். இதை வறட்சி கொல்வது அரிது, அதிகத் தண்ணீர் கொல்வதே வழக்கம். தினமும் பாசத்தோடு ஊற்றினால் அந்தத் தடித்த வேர்கள் அழுகி, இலை மஞ்சளித்துவிடும். மேல்மண்ணில் விரலை விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் ஊற்றுங்கள்.

இரண்டாவது, அரைகுறை வெளிச்சம் போதும். மரநிழலிலும் வளர்ந்து பழகியதால் நேர் வெயில் கேட்காது. நம் ஊர் உச்சி வெயில் நேராகப் பட்டால் இலை வெளுத்துக் கருகும். கிழக்குப் பார்த்த பால்கனியின் காலை வெயில், வடக்கு ஜன்னலின் வெளிச்சம், வராந்தாவின் ஓரம் எல்லாம் இதற்குச் சுகமான இடங்கள். ரோஜாவுக்கும் மல்லிகைக்கும் வழியில்லாத அடுக்குமாடி வீட்டில் இதற்கு வழி இருக்கிறது. வெளிச்சமே இல்லாத மூலையில் வைத்தால் உயிரோடு இருக்கும், ஆனால் இலை சோனியாக நீளும், குட்டி விடாது.

மூன்றாவது, குழந்தையும் பூனையும் இருக்கும் வீட்டுக்கு ஏற்ற செடி. நம் வீடுகளில் அதிகம் வளரும் மணி பிளான்ட்டிலும், டம்ப் கேன் எனப்படும் டிஃபென்பேக்கியாவிலும் ஊசி போன்ற கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் இருக்கின்றன. கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். ஸ்பைடர் செடியில் அந்த ஆபத்தில்லை. விலங்கு நலனுக்கான அமெரிக்க அமைப்பான ஏ.எஸ்.பி.சி.ஏ. தன் பட்டியலில் இதைப் பூனைக்கும் நாய்க்கும் நஞ்சில்லாத செடி என்றே குறித்திருக்கிறது. தொங்கும் இலையைப் பூனை விடாமல் கடிக்கும். அதிகம் தின்றால் வாந்தி எடுக்கும், அவ்வளவுதான். பூனைக்காக இல்லாவிட்டாலும் செடிக்காகக் கொஞ்சம் உயரத்தில் தொங்கவிடுங்கள்.

நான்காவது நன்மையைத்தான் பெரிதென்று சொல்வேன்: ஒன்று வாங்கினால் பத்தாகும். தண்டின் நுனியில் தொங்கும் குட்டியின் அடியைத் திருப்பிப் பாருங்கள்; சின்னச் சின்ன வேர்முனைகள் காற்றிலேயே முளைத்து நிற்கும். அதை ஒரு சிறு தொட்டி மண்ணில் பதித்து, தாய்ச்செடியின் தண்டை வெட்டாமல் வைத்திருந்து, வேர் பிடித்ததும் வெட்டலாம். அல்லது வெட்டி எடுத்து, கண்ணாடி டம்ளரில் அடி மட்டும் தண்ணீரில் படும்படி வைத்தால், ஓரிரு வாரத்தில் வேர் நீள்வதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஜெர்மானியக் கவிஞர் கேத்தே, செடிகள் உருமாறி வளர்வதைப் பற்றியே ஒரு நூல் எழுதியவர், முதுமையில் இந்தச் செடியின் மேல் ஆசை வைத்து, வெய்மரில் வளர்த்துக் குட்டிகளை நண்பர்களுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தார். பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், விதையில்லா இனப்பெருக்கம் என்று பாடப்புத்தகத்தில் படிப்பதை ஜன்னலோரத்தில் நடத்திக் காட்டிவிடும் செடி இது.

குட்டி வரவில்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒரு குறிப்பு. பகல் 12 மணி நேரத்துக்குக் குறைவாக இருக்கும் நாள்கள் சில வாரம் தொடர்ந்தால் இது தண்டு விடுவது கூடும். நமக்கு அது ஐப்பசியிலிருந்து மாசி வரை. அந்த மாதங்களில் செடிக்கு நேர் மேலே இரவு பதினொன்று வரை டியூப்லைட் எரிந்தால், அதன் கணக்கில் பகல் இன்னும் முடியவில்லை என்றாகிவிடும். இடத்தை மாற்றிப் பாருங்கள்.

ஐந்தாவது, தண்ணீரைப் பற்றிக் கோள் சொல்லும். ஸ்பைடர் செடியின் இலைநுனி பழுப்பாகக் கருகுவதைப் பலர் நோய் என்று நினைத்து மருந்து தேடுகிறார்கள். வறண்ட காற்றும் காரணமாகலாம், ஆனால் பெரும்பாலும் காரணம் தண்ணீரில் இருக்கும் உப்பும் ஃபுளோரைடும்தான். இலை வழியே நீர் ஆவியாகிப் போகும். அதில் கரைந்து வந்தவை போக வழியின்றி நுனியில் சேர்ந்து திசுவைக் கருக்கும். போர்வெல் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இதை அதிகம் காணலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரின் ஃபுளோரைடு மனிதர்களின் பல்லையும் எலும்பையுமே பாதித்ததால்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. அந்த நீர் செடியை மட்டும் விட்டுவைக்குமா? இலைநுனியைப் பார்த்து ஃபுளோரைடு எவ்வளவு என்று சொல்லிவிட முடியாது, அதற்குத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும். ஆனால் கவனிக்கச் சொல்லி இந்தச் செடி ஒரு சாடை காட்டும். மழைநீரோ, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரோ கிடைத்தால் அதை ஊற்றுங்கள். அவற்றில் உப்பு மிகக் குறைவு. ஆர்.ஓ. கருவி வெளியேற்றும் கழிவுநீர் மட்டும் வேண்டாம். வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மனத்துக்கு நல்லது என்றும் சொல்கிறார்களே? அதில் விஷயம் இருக்கிறது, ஆனால் அளவோடு சொல்ல வேண்டும். 1984-இல் ராஜர் உல்ரிச் என்பவர் 'சயின்ஸ்' இதழில் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் பதிவேடுகளை அவர் ஒப்பிட்டார். ஜன்னல் வழியே மரங்களைப் பார்த்தபடி படுத்திருந்தவர்கள், செங்கல் சுவரைப் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள். அவர்களுக்கு வலி மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. அது மரங்களைப் பற்றிய ஆய்வு, தொட்டிச் செடியைப் பற்றியது அல்ல. எனினும் கண்ணுக்கு எதிரே பச்சை இருப்பது நமக்கு ஏதோ செய்கிறது என்பதை நாம் ஆய்வில்லாமலே அறிவோம். லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுத்து ஒரு நிமிடம் பார்க்க ஒன்று இருக்கிறதே, அதுவே போதும்.

வளர்ப்புமுறை நீளமில்லை. செம்மண், மணல், மண்புழு உரம் கலந்த, நீர் வடியும் மண் போதும். தேங்காய் நார்க்கழிவுக் கட்டி சேர்ப்பதானால் இரண்டு மூன்று முறை தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்துவிட்டுச் சேருங்கள்; அதிலும் உப்பு உண்டு. தடித்த வேர்கள் தொட்டியை நிரப்பி மண்ணை மேலே தள்ளும்போது பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும், அல்லது செடியை இரண்டாகப் பிரித்து நடலாம். உரம் அதிகமானாலும் இலைநுனி கருகும். வடித்து எஞ்சிய டீத்தூளைத் தொட்டியில் கொட்டும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். பாலும் சர்க்கரையும் சேர்ந்த தூள் எறும்பைத்தான் அழைக்கும். நன்றாக அலசி, மக்கவைத்துப் போடலாம்.

ஒன்றை மட்டும் அலட்சியம் செய்யக் கூடாது. தொட்டிக்கு அடியில் வைக்கும் தட்டிலும், குட்டியை வளர்க்கும் டம்ளரிலும் தண்ணீர் தேங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிட்டு வளர அந்தச் சிறு தேக்கம் போதும். முட்டை கொசுவாக ஒரு வாரம் பத்து நாள்தான் ஆகும். தட்டை அவ்வப்போது கவிழ்த்துவிடுங்கள். டம்ளர் தண்ணீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றுங்கள். இல்லாவிட்டால் காற்றைச் சுத்தம் செய்ய வாங்கிய செடி கொசுவை வளர்க்க, அந்தக் கொசுவை விரட்ட நாம் சுருள் கொளுத்த, கதை வேறு பக்கம் போய்விடும்.

ஆகவே யாருக்கு இந்தச் செடி? முதல்முறை செடி வளர்ப்பவர்களுக்கு, வாடகை வீட்டில் ஜன்னல் மட்டும் வாய்த்தவர்களுக்கு, அடிக்கடி ஊருக்குப் போகிறவர்களுக்கு, தவழும் பிள்ளை உள்ளவர்களுக்கு. ஆஸ்துமாவுக்கும் அலர்ஜிக்கும் மருந்தாக நினைத்து வாங்குகிறவர்களுக்கு அல்ல. அவர்கள் டாக்டரைப் பார்க்கட்டும். மற்றவர்களும் நர்சரிக்குப் போக வேண்டியதில்லை. வைத்திருக்கும் வீட்டில் ஒரு குட்டி கேளுங்கள். இந்தச் செடி வளர்ப்பவர்களிடம் கொடுக்க எப்போதும் நாலைந்து குட்டி மிச்சம் இருக்கும். செடிக்கென்று எடுத்துவைத்த பணத்தில் எண்ணெய்ப் பிசுக்கேறி நின்றுபோன எக்ஸாஸ்ட் ஃபேனைச் சரி செய்துவிடுங்கள். காற்றும் சுத்தமாகும், செடியும் கிடைக்கும்.